ரெண்டு திரைக்காரி

எங்கள் கோளரங்கத்தில் என் அக்காவுக்கு ‘ரெண்டு திரைக்காரி’ என்று பெயர். வைத்தது நான்தான். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு வேறென்ன வேலை? கூரையில் நட்சத்திரம் காட்டுகிற யூனிக்ஸ் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்வது அக்கா பொறுப்பு. அதற்குப் பளபளவென்று ஒரு மானிட்டர் இருக்க, பச்சை எழுத்து மட்டும் ஓடுகிற பழைய டெர்மினல் ஒன்றையும் சீரியல் ஒயர் போட்டு அந்த மெஷினோடு கோத்து வைத்திருந்தாள். எதற்கடி என்று கேட்டால், மானிட்டர் படம் காட்டும், மெஷினுக்கு உடம்புக்கு முடியவில்லையென்றால் இதில்தான் வாயைத் திறக்கும் என்பாள். கட்டிய புருஷனோடு பேசவே எனக்கு நேரமில்லை, இவளுக்கு மெஷினோடு பேச ரெண்டு திரை!

புதிதாக வந்த மேனேஜர், அந்த டெர்மினல் கண்ணை உறுத்துகிறது, கழற்றுங்கள் என்றார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கழற்றினாள். கொண்டுவந்து என் கவுன்டரில் போட்டாள். நான் அதன் தலையில் ஒரு பூச்சாடியை வைத்தேன். ஆனால், எது கேட்பதானாலும் டெர்மினல் இருக்கிற சீரியல் ஒயரிலேயே கேள் என்று மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்ததை, இருந்த கோபத்தில் மாற்ற மறந்துவிட்டாள் மகராசி.

விடுமுறையின் முதல் நாள். பிள்ளைகள் கூட்டம் என் ஜன்னலைப் பெயர்த்துவிடும்போல் நெருக்கியது. முந்தின நாள் திடீரென்று கரண்ட் போயிருந்ததால் மெஷினை முதலிலிருந்து கிளப்ப வேண்டியிருந்தது. மானிட்டரில் நாலு வரி ஓடியது, அப்படியே நின்றது. கீபோர்டை என்ன தட்டியும் அசையவில்லை. மேனேஜர் போட்ட கூச்சலில் நானும் மாடியிலிருந்த மெஷின் அறைக்கு ஓடினேன்; அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மெஷின் செத்துப்போச்சு, இன்றைக்கு ஷோ நின்றால் நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் அக்காவிடம் சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு உலகமே கிடையாது.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“சாகலைடி. ஏதோ கேட்டுட்டு நிக்குது. அதோட வாயைத்தான் கழட்டி உன் கவுன்டர்ல வச்சிருக்கோம்.”

கவுன்டருக்கு ஓடினேன், மேனேஜரும் பின்னாலேயே வந்தார். பூச்சாடியை மேனேஜர் கையில் திணித்துவிட்டு, நானும் பாப்கார்ன்காரரும் டெர்மினலை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படியேறினோம். இதுவும் ஷோவில் சேர்த்தி என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டின. பாப்கார்ன்காரர் திரும்பிக் கும்பிடப் பார்த்தார். கையை விட்டீரோ தொலைத்துவிடுவேன் என்று கத்தினேன், சிரித்துக்கொண்டேதான்.

அக்கா ஒயரைச் செருகி, டெர்மினலின் கீபோர்டில் ஒருமுறை எண்டரைத் தட்டினாள். பச்சையில் ஒரு வரி வந்தது. டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, சரி செய்யட்டுமா என்று கேட்டது. காலையிலிருந்து பதில் சொல்ல ஆளில்லாமல் நின்றிருக்கிறது, பாவம். சரி என்றாள். மறுபடி கேட்டது, மறுபடி சரி என்றாள். கேட்டுக் கேட்டு ஓய்ந்தபின் மானிட்டருக்கும் உயிர் வந்தது.

ஷோ தொடங்கியதும் அவளை உள்ளே இழுத்துப்போய் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். மெஷின் அறையே கதியென்று கிடந்தவள், இத்தனை வருஷத்தில் ஒரு ஷோகூட முழுதாகப் பார்த்ததில்லை. தலைக்குமேல் வானம் விரிந்தது, பிள்ளைகள் ஓவென்று கத்தின. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், உடனே சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் வந்தது.

இருட்டில் மேனேஜர் குனிந்தபடி வந்து எங்கள் முன்னால் நின்றார்.

“நாளைக்கு வந்துடுவீங்கல்லம்மா?”

அக்கா வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மறைக்காதீங்க சார். முழுசா பாத்துட்டுச் சொல்றேன்.”