பதினேழு கையொப்பங்கள்

டிக்கோயாவை அடுத்த தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடமாகக் கொழுந்து பறித்து வருபவர் சிசிலி. அவர் குடியிருக்கும் லயத்தில், அந்த வரிசைவீடுகளின் கடைசி அறையான காம்பராவில், ஞாயிறுதோறும் பதினேழு பேர் கூடி ஜெபித்தனர். 2023 பெப்ரவரி 12ஆம் திகதி ஜெபம் பாதியில் இருக்கையில் பொலிஸார் வந்தனர். பதிவு பெறாத வழிபாட்டிடம் என்று கூறிப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுபோயினர். பதிவு கோரி அதற்கு முன்பே அனுப்பிய மூன்று விண்ணப்பங்களுக்குப் பதில் வந்திருக்கவில்லை.

ஏப்ரல் இறுதியில் அதே சாவியுடன் அரசியல்வாதி சுதாகரன் வந்தார். நாட்டில் மத சுதந்திரம் எப்படி இருக்கிறதென்று பார்க்க மறுநாள் வெளிநாட்டுக் குழுவொன்று வரவிருந்தது. அவர்கள் திருப்தியடைந்தால்தான் சுதாகரன் அவர்களிடம் கேட்டிருந்த நிதியுதவி கிடைக்கும்.

"நல்லா பாடுங்க அக்கா. வர்றவங்க மனசு குளிரணும்."

"அவங்க போன பொறகு சாவி யாருகிட்டங்க இருக்கும்?"

"ஒங்ககிட்டதான். நான் எதுக்கு இருக்கேன்?"

"அதத்தான் ரெண்டு மாசமா நாங்களும் யோசிச்சோம்," என்றார் பக்கத்துக் காம்பரா லியனார்ட். சுதாகரன் சிரித்து வைத்தார்.

வருகை இருபத்தைந்து நிமிடம் நீடித்தது. இரண்டு பாட்டு, சில படங்கள். முடிவில் சுதாகரனின் செயலாளர் அங்கே எவருக்கும் வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் அச்சிட்ட தாளொன்றை நீட்டி, ஜெபத்துக்கு வந்தவர்கள் பேர் எழுதுவதற்கு என்றார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் பதியாவிட்டால் அன்று முழுவதும் மலையில் நின்றாலும் அது வேலைநாள் ஆகாது. சிசிலி வாழ்நாளெல்லாம் பயந்தது அதற்குத்தான். முதலில் அவரே ஒப்பமிட்டார்.

"ஜெனிதா, ஓம் பேரு விட்டுப்போயிரும், வா புள்ள," என்று மற்றவர்களையும் இழுத்து வந்தார்.

அன்று மாலையே பொலிஸார் மீண்டும் பூட்டினர். சுதாகரன் தொலைபேசியை எடுக்கவில்லை.

ஜூன் 19ஆம் திகதி நான்காவது விண்ணப்பத்துடன் சிசிலி பிரதேச அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தமிழில் வாசித்தார்: 'எமது வழிபாட்டுக்கு எந்தத் தடையும் இல்லை.' கீழே பதினேழு கையொப்பங்கள்.

"தடையில்லன்னு நீங்களே குடுத்திருக்கீங்களே. இப்ப எதைத் திறக்கச் சொல்றீங்க?"

"நாங்க பேருதான் போட்டோமுங்க."

"பேரு போட்டா போதும்."

சிசிலி தாளில் தன் கையொப்பத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அப்படின்னா என் பேர வெட்டிருங்க ஐயா."

பெரட்டுக்களத்தில் எவரும் கேட்டிராத வார்த்தை அது.

"அதுக்குத் தனியா விண்ணப்பம் குடுக்கணும்," என்றார் அதிகாரி.

சிசிலி அன்றே கொடுத்தார். அதற்கும் பதில் வரவில்லை. அந்த வெளிநாட்டுக் குழுவின் அறிக்கையில் அந்தக் காம்பராவின் படம் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, சிசிலி பாடிக்கொண்டிருக்கிறார்.