சித்தப்பாவின் வலது கை

என் சித்தப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் ஒரே ஆளுடையவை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். இடது கை தேங்காய் மட்டை மாதிரி சொரசொரவென்று இருக்கும். வலது கை எங்கள் அம்மாவின் கையைவிட மிருது. நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் ஒரு கையை என் கன்னத்தில் வைப்பார். எந்தக் கை என்று நான் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்காதீர்கள், ஏழு வயதில் நான் தோற்காத ஒரே விளையாட்டு அதுதான்.

காரணம் கோல்ஃப். பினாங்கில் வெள்ளைக்காரத் துரைகள் ஆடிய ஒரு கிளப்பில் சித்தப்பா கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். மழை பெய்து துரைகள் வராத காலைகளில், யாரோ வேண்டாமென்று போட்ட பழைய மட்டையை எடுத்துக்கொண்டு பந்தடிப்பார். துரைகள் இடது கையில் தோலுறை மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். சித்தப்பாவுக்கு ஏது உறை? ஆரம்பத்தில் அந்தக் கை கொப்பளித்து, உடைந்து, பிறகு காய்த்தே போய்விட்டது. அதற்குள் கொப்புளம் வராமல் ஆடும் வித்தையை அவர் கற்றுக்கொண்டுவிட்டார். கேட்க ஓர் ஆள் அகப்பட்டால் போதும், வாயெல்லாம் பல்லாகிவிடும்.

"மட்டையை உள்ளங்கையில அமுக்காதே, விரல்ல பிடி. இறுக்காதே. வேர்த்தா உடனே துடை. லேசா எரியறப்பவே துணியைச் சுத்திக்கோ. கொப்பளிச்சப்புறம் சுத்தி என்னலா பிரயோசனம்?"

கை வழுக்காமலிருக்க அவர் பூசிக்கொண்டது அம்மாவின் முகப்பவுடர். "உங்க தம்பி அதை மூஞ்சிக்குப் போட்டாலாவது ஒரு பொண்ணு கிடைக்கும்" என்று அம்மா அப்பாவிடம் பொருமுவாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரைகள் போன இடம் தெரியவில்லை. ரத்தினக் கம்பளம்போல் வைத்திருந்த கிளப்புப் புல்லையெல்லாம் கொத்தி மரவள்ளி நடச் சொன்னார்கள். எங்கள் வரிசை வீடுகளுக்கும் ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைத்தது. அப்பா கப்பல் கம்பெனியில் கிராணியாக இருந்தவர், இப்போது வேலை இல்லை. பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத மனிதர், அதோடு இழுப்பு வேறு. மழை ஈரம் பட்டால் மாடிப்படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையைப் பிடித்துப் போகிறார்கள், போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்றார்கள். எங்கள் வரிசை முழுக்கக் கிராணிமார் குடும்பங்கள். வருகிறவன் கையைத் திருப்பிப் பார்ப்பானாம், கை காய்த்திருந்தால் கூலி என்று லாரியில் ஏற்றிவிடுவானாம், வழுவழுவென்று இருந்தால் எழுத்து வேலைக்காரன் என்று விட்டுவிடுவானாம். இதை நம்பிக்கொண்டு அக்கம்பக்கத்து அம்மாமார் தங்கள் வீட்டு ஆண்களை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள். "நான் மூத்தவன், நான்தான் போவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் நெஞ்சு சயாம் வரை தாங்காது என்று எனக்கே தெரியும்.

"சரிலா அண்ணே, வரப்போ பார்த்துக்கலாம். இப்ப மண்வெட்டியை எடுங்க" என்றார் சித்தப்பா.

அன்று முதல் அப்பாவுக்குக் கோல்ஃப் பாடம் நடந்தது. மண்வெட்டிதான் மட்டை. "விரல்ல பிடிங்க அண்ணே, இறுக்காதீங்க." பவுடருக்குப் பதில் அடுப்புச் சாம்பல். அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து, அப்பாவின் ஒவ்வொரு விரலுக்கும் சித்தப்பாவே சுற்றிவிடுவார். அரைமணிக்கு ஒருதரம் கட்டைப் பிரித்துப் பார்ப்பார். கொஞ்சம் சிவந்திருந்தால் போதும், "நீங்க உக்காருங்க" என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொள்வார். எனக்கும் பாடம் உண்டு. அடேயப்பா, எனக்கு என்ன பெருமை! என் கையிலும் அப்பா கையிலும் ஒரு கொப்புளம் கிடையாது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த சித்தப்பாவுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். வலது கையை நீட்டியவர் தண்ணீர் பட்டதும் பல்லைக் கடித்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து தோல் தொங்கியது.

"ஐயே! ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு உங்களுக்கே வந்துடுச்சு பாருங்க!" என்று கைகொட்டிச் சிரித்தேன்.

"மறந்துபோய் இறுக்கிட்டேன்மா" என்று அவரும் சிரித்தார். "அப்பாகிட்ட சொல்லிடாதே, கிண்டல் பண்ணுவாரு."

நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கவனித்தேன். அவர் மண்வெட்டியை, யாரோ பிடுங்க வருகிறார்கள் என்பதைப்போல இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கொத்தினார். அம்மா கொடுத்த துணியைச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வார், சுற்றமாட்டார். எல்லாம் தெரிந்த மனுஷனுக்கு இப்படியா மறதி வரும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

புண் ஆறிய பிறகு ஒரு சாயங்காலம் பழைய விளையாட்டை ஆடினோம். கண்ணை மூடினேன். கன்னத்தில் சொரசொரவென்று ஒரு கை. "இடது!" என்றேன். கண்ணைத் திறந்தால் வலது. மறுபடியும் தோற்றேன். நீங்க ஏமாத்துறீங்க என்று காலை உதைத்து அழுதேன். சித்தப்பாவோ பரீட்சையில் தேறியவர் மாதிரி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரி வந்தது ஒரு மத்தியானம். ஆண்களையெல்லாம் வீட்டு வாசலில் நிற்கச் சொன்னார்கள். ஜப்பான் சிப்பாய்க்குத் துணையாக, மலாய் பேசும் ஒருவன் வந்திருந்தான். அப்பா சொன்னபடியே முன்னால் போய் நின்றார். சிப்பாய் அவர் கையைப் பிடித்துத் திருப்பினான், கட்டைவிரலால் தேய்த்தான், ஏதோ சொல்லிச் சிரித்தான். கூட வந்தவன், "கிராணி" என்றான். சிப்பாய் கேட்பதற்கு முன்பே சித்தப்பா இரண்டு கைகளையும் விரித்து நீட்டிவிட்டார்.

"அவனும் கிராணிதான்! என் தம்பி கிளப்புல கணக்கு எழுதினவன்! மட்டை பிடிச்சு மட்டை பிடிச்சுக் கை அப்படி ஆயிடுச்சு!" அப்பா தமிழிலும் மலாயிலும் மாறி மாறிக் கத்தினார், இழுப்பு வந்து பாதியில் நின்றுபோனார்.

"மட்டை பிடிச்சா ரெண்டு கையுமா காய்க்கும்?" என்று கேட்டுவிட்டு, கூட வந்தவன் லாரியைக் காட்டினான்.

சித்தப்பா ஏறிக்கொண்டார். "அண்ணி, அண்ணனை மழையில நனைய விடாதீங்க" என்றார். என்னைப் பார்த்து, "மட்டையைத் துடைச்சு வை, துரு பிடிச்சிடும்" என்றார். ஊரைவிட்டு எங்கோ போகிற ஆளின் முகமே இல்லை அது. லாரி படகுத்துறைப் பக்கம் திரும்பியது. அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயில் ஏற்றினார்களாம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் திரும்பி வரவே இல்லை.

அன்று அப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க அழாதீங்கப்பா, சித்தப்பா மேலதான் தப்பு. நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு அவரு மட்டும் மண்வெட்டியை இறுக்கிப் பிடிச்சாரு. துணியும் சுத்தல. நான் பார்த்தேன்."

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளை மடியில் விரித்து வைத்து, முதன்முதலாகப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் அழுத அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நல்லதைத்தானே சொன்னேன், ஏன் இப்படி அழுகிறார் என்று பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன்.

மறுநாள் நானே அப்பாவின் விரல்களில் துணி சுற்றப் போனேன். அவர் வேண்டாமென்று கையை இழுத்துக்கொண்டார். சாம்பலையும் தொடவில்லை. மண்வெட்டியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக் கொத்த ஆரம்பித்தார். சீக்கிரமே கைப்பிடியில் ரத்தம் தெரிந்தது.

"அப்படிப் பிடிக்காதீங்கப்பா, விரல்ல பிடிங்க" என்று நான் அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு நடந்தேன்.