பட்டைக்கு மேல் பட்டை

தொண்ணூற்றாறாம் வருஷத்து அக்னி நட்சத்திரம். மயிலாப்பூரில் எங்கள் நாலு வயது மகள் காயத்ரி மூன்றாம் நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். இரண்டு வயதில் ஒருமுறை ஜுரம் ஏறி வலிப்பு கண்டவள். அன்று அவள் கண் மேலே செருகியதை நான் பார்த்திருக்கிறேன். "நூற்றிரண்டைத் தாண்டினால் காத்திருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தாண்டுகிறதா என்று பார்க்க வீட்டில் பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தது. அதை உதறுகிற வீரத்தில் கட்டில் சட்டத்தில் அடித்து உடைத்தேன். மிச்சம், மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பட்டை. நெற்றியில் ஒட்டினால் போதும், உடம்புச் சூடு எவ்வளவோ அந்த எண் பச்சையாக மின்னும். நாலு புத்தகம் படித்தவன் என்பதால் அதைக் கையாளும் பொறுப்பு என்னிடம் வந்தது.

காலையில் நூற்றொன்று காட்டியது. கோயிலுக்கு ஓடினேன். சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும் நாட்களில் மட்டும் தலைகாட்டுகிற பக்தன் நான். கற்பகாம்பாள் எதிரே நின்று, "இந்த எண்ணை மட்டும் இறக்கிவிடு, தாயே" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. விபூதி வாங்கி வந்து, தண்ணீரில் குழைத்து, குழந்தையின் நெற்றி நிறையப் பூசினேன்.

உச்சிவேளையில் சமையலறையிலிருந்து என் மனைவி சாரதா குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, நெத்தியில பட்டை போட்டுப் பாத்தேளா?"

"போட்டாச்சு. தொண்ணூத்தொம்பது."

அம்பாளுக்கு இத்தனை சுறுசுறுப்பா என்று நெகிழ்ந்துபோய்ப் பாயில் சாய்ந்தேன். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. வெயில் ஜன்னல் வழியே பாலாக இறங்கியது. தெப்பக்குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் அறைக்குள் வந்து, குழந்தையின் கட்டிலை மெல்ல மிதக்க வைத்தது போலிருந்தது. எங்கோ ஈரப் புடவை சரசரத்தது. "தொட்டுப் பாரேன்" என்றது ஒரு குரல், காதருகே. நல்ல கனவு என்று புரண்டு படுத்தேன்.

கண் விழித்தபோது சாரதா கரண்டியும் கையுமாகக் கட்டிலருகே நின்றிருந்தாள். புறங்கை குழந்தையின் கழுத்தில் இருந்தது.

"கொதிக்கறதுன்னா."

"தொண்ணூத்தொம்பதுதான். இப்பதானே பாத்தேன்."

"எது மேல ஒட்டினேள்?"

"நெத்தியிலதான்."

"நெத்தி எங்க இருக்கு? விபூதின்னா இருக்கு. பட்டைக்கு மேல பட்டையப் போட்டா, அது விபூதிக்குத்தான் ஜுரம் பாக்கும்."

முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினாள். பச்சை ஒவ்வொரு எண்ணாக மேலே ஏறியது. நூற்றுமூன்றில் நின்றது. குழந்தையின் விரல்கள் லேசாக வெட்டி இழுத்தன.

வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த எங்களைப் பார்த்ததும் மூடினார்.

"இன்னா சார், கொயந்தைக்கு முடியலியா? ஏறும்மா. சோறு எங்க ஓடிப் போவுது."

வழியெல்லாம் சாரதா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் கண்ணை மூடி, "எண் எதுவும் வேண்டாம், பிள்ளையை மட்டும் கொடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் மருந்து கொடுத்தார். உடம்பு முழுக்கத் துடைத்தார்கள். வலிப்பு வரவில்லை. சாயங்காலம் காயத்ரி கண்ணைத் திறந்து ரசஞ்சாதம் கேட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பிறகு சாரதாவிடம் கேட்டேன், அடுப்பை விட்டு எதற்காக வந்தாய் என்று.

"யாரோ கூப்ட்டா மாதிரி இருந்தது. நீங்கதான்னு நெனைச்சேன்."

நான் கூப்பிடவில்லை. முதலில் என்னை எழுப்பிப் பார்த்து, இவன் காரியத்துக்கு ஆகமாட்டான் என்று கண்டுகொண்டு, அம்பாள் சமையலறைப் பக்கம் போயிருக்கிறாள். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

அன்று முதல் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. சந்நிதியில் இப்படிச் செய், இவ்வளவு இறக்கு என்று அவளுக்கு உத்தரவு போடுவதையும் விட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது இன்று வீட்டில் நோயும் நெஞ்சில் பயமும் இருந்தால், தயங்காமல் அவளிடம் போய்க் கேளுங்கள். நிச்சயம் பதில் சொல்வாள். கேட்டுவிட்டு என்னைப் போலத் தூங்கிவிடாதீர்கள்.