கூட்டுக்காரர் வீட்டு நூல்

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் தையல்காரர் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அங்கே வருஷக்கணக்காக மெஷின் மிதித்தவன் நான், என்றாலும் தெரியாது. கூட்டுக்காரர் வீடு எது என்று கேளுங்கள், இட்லிக் கடைக்காரர் மாவுக் கையோடு எழுந்து வந்து காட்டுவார். அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தவர் என் அப்பா. அதைக் காப்பாற்றியவள் என் வீட்டுக்காரி. நடுவில் நான் வெறும் பாலம்.

கூடு என்றால் குருவிக் கூடு இல்லை. தவில்காரர் இடது கையில் குச்சி பிடிப்பார், வலது கையில் விரலுக்கு ஒன்றாகக் கெட்டியான உறை மாட்டியிருப்பார், பார்த்திருப்பீர்கள். அதுதான் கூடு. பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்து, பசை தடவி, விரல் பருமனுக்குச் செதுக்கிய குச்சியின் மேல் சுற்றிச் சுற்றிக் காயவைத்து எடுப்பது. கையில் எடுத்தால் துணி என்று நம்ப மாட்டீர்கள். பெரும்பாலும் வாசிக்கிறவர்களே தங்களுக்குக் கட்டிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் பக்கத்துத் தவில்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்பா ராயகிரிக்காரர், அவரே தவில் வாசித்தவர். ஒரு கோவில் கொடைக்குப் போகிற வழியில் மாட்டு வண்டி குடைசாய்ந்து வலது கையில் மூன்று விரல் நசுங்கிப் போயின. அதற்குப் பிறகுதான் அடுத்தவர் விரலுக்குக் கூடு கட்ட உட்கார்ந்தார். யாராவது பரிதாபப்பட்டால், ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்வே என்பார்.

எனக்கு அந்தக் கை வரவில்லை. நான் கட்டிய கூட்டைப் பார்த்து அப்பா, இது கொழுக்கட்டை, ஆவியில் வை என்றார். தையலுக்குப் போய்விட்டேன். மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த பெண், சோறு பொங்கினால் போதும் என்று நினைத்தார். அவள் கேட்கவும் இல்லை. தேய்ந்து போன பழைய கூடு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். எத்தனை சுற்று, எந்தச் சுற்று வலம், எது இடம், எங்கே துணி ஒற்றை, எங்கே இரட்டை என்று பிரித்தே தெரிந்துகொண்டாள். அப்புறம் அதே மாதிரி ஒன்று கட்டி, அப்பா காயவைத்திருந்த தட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டாள். அப்பா எப்போதும் கூட்டை முன்பல்லில் தட்டித்தான் சோதிப்பார். அதையும் தட்டினார். திரும்பவும் தட்டினார். "இதை நான் எப்பக் கட்டினேன்?" என்றார். அவள் அடுக்களையில் இருந்து, நீங்க கட்டலை மாமா என்றாள். அன்றைக்கே நூல் ஆணி அவள் கைக்கு வந்துவிட்டது.

நூல் ஆணி என்பது சுவரில் அடித்த ஒரு பெரிய ஆணி. அளவுக்கு எங்களிடம் நோட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு நூல், விரலுக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே உள்ள நீளம் ஒரு விரலின் சுற்றளவு. யாருடைய நூல் என்று தெரிய, நுனியில் ஒரு அடையாளம்: ஒருவருக்குச் சோழி, ஒருவருக்கு உடைந்த பித்தான், ஒருவருக்குப் புளியங்கொட்டை. அளவுக்கு இரண்டு விதிகளை அப்பா விட்டுப் போயிருந்தார். வாசித்து இறங்கிய சூட்டோடு கையை அளக்க வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஊரே சொல்கிறதே, அந்த வீக்கத்துக்கும் இடம் விட வேண்டும். இன்னொன்று, அப்பன் நூல் மகனுக்கு ஆகும். நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பதை அவர் தகப்பனுக்கும் சேர்த்துக்கொண்டார்.

அப்பா போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் தவில் வாசிக்கிற முறை பரம்பரையாக ஒரு பெரியவர் வீட்டுக்கு உண்டு. அந்த வருஷம் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அவரிடமே தவில் படித்த மகன், அவரோடு மனஸ்தாபப்பட்டு வாசுதேவநல்லூரில் மாமா வயல் கிணற்றில் மாடு கட்டி ஐந்து வருஷம் கமலை இறைத்துக்கொண்டிருந்தவன், செய்தி கேட்டுத் திரும்பி வந்தான். பெரியவரின் தம்பி, கையில்லாத வீட்டுக்கு முறை எதுக்கு என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தார். மகன் தபசன்று வாசிக்காவிட்டால் முறை தம்பி வீட்டுக்குப் போய்விடும். போனால் திரும்பாது.

அவன் கூடு கேட்டு வந்த அன்று வீட்டுக்காரி கரிவலத்துக்குப் போயிருந்தாள். நான்தான் இருந்தேன். புளியங்கொட்டை கட்டிய அவன் அப்பா நூலை எடுத்துக் காட்டினேன். அவன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் வந்ததும், கையை அளந்தீங்களா என்று கேட்டாள். அப்பன் நூல் மகனுக்கு ஆகும் என்று அப்பா சொன்னதை எடுத்து விட்டேன். மாமனார் சொல்லை அவள் தாண்டவில்லை. கட்டிவிட்டாள்.

தபசுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் அவன் வந்தான். வலது கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தான். எடுக்கச் சொன்னாள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் கூடு கழற்ற முடியாமல் இறுகியிருந்தது. விரல் கருநீலமாக இருந்தது.

"கூடு நல்லாத்தான் இருக்கு மதினி. அப்பா கைதான் எனக்கு வரல. சித்தப்பாவே வாசிக்கட்டும்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் என் கத்தரிக்கோலை எடுத்தாள். அதை நான் யாரையும் தொட விடுவதில்லை. அன்று விட்டுவிட்டேன். அவன்தான் பதறி, கூட்டை வெட்டினால் குத்தம்லா என்றான்.

"நான் கட்டினது, நான் வெட்டுதேன். கையை ஆட்டாதே."

வெட்டி எடுத்துவிட்டு அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கமலைக் கயிறு அறுத்த தழும்பு ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தது. விரல் கணு ஒவ்வொன்றும் புடைத்திருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு வருஷம் கயித்தைப் பிடிச்ச கைக்கு, தவிலை மட்டும் தொட்ட கையோட நூல் எப்படிச் சேரும்? சொல்லுங்க."

நான் ஆணியில் தொங்கிய புளியங்கொட்டை நூலைப் பார்த்தேன். அவள் அவனிடம் சொன்னாள்:

"உன் கைக்கு ஒண்ணுமில்லை தம்பி. நாங்க அளக்காம விட்டோம். தப்பு இந்த வீட்டுது."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அப்பா இருந்திருந்தால் சொல்ல விட்டிருக்கவும் மாட்டார். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

விரலுக்கு விளக்கெண்ணெய் தடவி மத்தியானம் வரை சும்மா இருக்கச் சொன்னாள். பிறகு நான் துணி வெட்டுகிற பலகையை அவன் முன்னால் போட்டு, அதில் வாசிக்கச் சொன்னாள். அரைமணி வாசித்தான். வேர்த்த கையை அப்படியே நீட்டச் சொல்லிப் புது நூலில் ஐந்து முடிச்சுப் போட்டாள். துணிக்குத் தாழ்வாரக் கொடியைப் பார்த்தாள். என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. நாலு வருஷம் துவைத்து நைந்த வேட்டி, கூட்டுக்கு அதைவிட நல்ல துணி கிடைக்காது. நான் வாயைத் திறக்குமுன்னே பர்ரென்று ஒரு சத்தம். உங்க பங்குக்கு இது இருக்கட்டும் என்றாள்.

ஆடிச் சாரல் பிடித்திருந்தது. நிழலில் காய நாலு நாள் ஆகும், இருந்தது ஒன்றரை நாள். நெருப்பில் காட்டினால் வெடித்துவிடும். அவள் என் இஸ்திரிப் பெட்டியில் கங்கு போடச் சொன்னாள். அகலச் சட்டியில் உமியைக் கொட்டி, பெட்டியை மேலே வைத்து வைத்து எடுத்து உமியைச் சூடாக்கினாள். கூடு சுற்றிய குச்சிகளை அந்த இளஞ்சூட்டில் குத்தி நிறுத்தித் திருப்பிக்கொண்டே இருந்தாள். அடைகாக்கிற கோழியை எழுப்பினாலும் எழுப்பலாம், அன்றைக்கு அவளை எழுப்ப முடியாது. மறுநாளும் அப்படியே போயிற்று. சோறு நான்தான் வடித்தேன். குழைந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தபசன்று காலையில் ஒவ்வொரு கூட்டையும் முன்பல்லில் தட்டிப் பார்த்து, என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

கூட்டத்துக்குள் முண்டியடித்துப் போய் நான் கிட்டேயே நின்றுகொண்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தான். கை சூடேறியதும் கூடு விரலோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது. வேகம் எடுத்த இடத்தில் நான் அவன் விரல்களையே பார்த்தேன். ஒரு கூடும் அசையவில்லை. சித்தப்பா எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், தாளம் போட்டுக்கொண்டிருந்த பையன் கையிலிருந்து தாளத்தை அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். முடிகிற வரைக்கும் அவர்தான் போட்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கழட்டும்போது எப்படி வந்துச்சு? வழுக்கிக்கொண்டு வந்தது என்றேன். அப்போ சரி என்று கோலப்பொடி டப்பாவைத் தேடப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நேரே ஆணியிடம் போய்த் தன் புளியங்கொட்டை நூலை எடுத்தார். மகன் நூலையும் கேட்டார். அதற்கு அவள் அடையாளமாகக் கமலைக் கயிற்றுப் பிரி ஒன்றைக் கட்டியிருந்தாள். நடுங்குகிற கையில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அவரால் முடியவில்லை. அவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். முடிச்சோடு முடிச்சு வைத்துப் பார்த்தார், ஐந்தையும்.

"அப்பனை மகன் ஒரு அரிசி அளவு தாண்டிட்டான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவன்கிட்டச் சொல்லிராதேயும்வே. நானே சொல்லிக்கிடுதேன்" என்றார்.