லைன் வீட்டுத் தூசி

ஆண்டர்சன்பேட்டையில் வந்து இறங்கி யாராவது 'ஆராய்ச்சி' என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர்கள் டென்சிலின் ஆட்டோவைத்தான் கைகாட்டுவார்கள். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரில் குறையாமல் விளைவது ஆராய்ச்சி ஒன்றுதான். மண் அள்ளிப் போக ஒருவர் வருவார், இருமலைக் கேட்க ஒருவர், பாறைக்குள் ஓசை கேட்க ஒருவர். இங்கத்துத் தமிழைப் பதிவு செய்ய வந்த பேராசிரியர் ஒருவர், பழைய சுரங்கத் தொழிலாளிகளின் கெட்ட வார்த்தைகளை மட்டும் பதிந்துகொண்டு பரம சந்தோஷமாகப் போனார். எல்லோருக்காகவும், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கதவுகளைத் தட்டியவன் டென்சில்.

போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் கண்டுபிடித்ததெல்லாம் கிணற்றில் போட்ட கல். மாட்டிக்கொள்வது டென்சில். "எங்க ரத்தத்த எடுத்துக்கினு போனாங்களே, இன்னா சொன்னாங்கடா?" என்று கோரமண்டல் லைனில் பார்வதம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவன் சில நாள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவான்.

அதனால்தான், பிஎச்டி படிக்கும் சுனிதா வந்தபோது அவன் முதலிலேயே நிபந்தனை போட்டான். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண், சயனைட் மேடாக ஊருக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது. காற்று மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று அளக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"முடிவு இன்னாவோ, நீங்களே திரும்பி வந்து சொல்லணும் மேடம்."

"கண்டிப்பா வரேண்ணா."

டென்சிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீடு வீடாகப் போய்ச் சொன்னான். "காலேஜ்லருந்து பொண்ணு வருது. வூட்ட சுத்தமா வையுங்க. நம்ம லைன் மானத்த வாங்கிடாதீங்க!" சுனிதா ஒவ்வொரு வீட்டு அலமாரி மேலும் ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்துப் போனாள்.

சொன்னபடி திரும்பியும் வந்தாள். பெண்கள் சர்ச் ஹாலில் கூடினார்கள். "உங்க வீடுகள்ல தூசி ரொம்ப கம்மி. பெங்களூர்ல என் ரூமவிட கம்மி," என்றாள், தானே நம்பாத குரலில்.

"பின்ன இன்னாம்மா?" என்று பார்வதம்மா பெருமையாக எழுந்தாள். "தெனமும் பொடவ தலப்பால பளிச்சினு தொடச்சனே! அலமாரிய தொடக்கசொல்ல தட்ட மட்டும் அப்டியே வுடுவாங்களா?"

"நானுந்தான்," "நானுந்தான்," என்று வரிசையாகக் குரல்கள். சுனிதா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

டென்சிலுக்கு அப்போதுதான் உறைத்தது. இது இப்படியே போனால், மேட்டை மூடித் தாருங்கள் என்று இனி சர்க்காரிடம் எந்த முகத்தோடு கேட்பது? 'தூசியே இல்லையாமே' என்று விடுவார்கள். இத்தனை வருடத்தில் திரும்பி வந்தது ஒரே ஒரு முடிவு. அதையும் அவன் வாயே கெடுத்துவிட்டது.

"அக்காங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். நான்தான் சுத்தமா வைக்கச் சொன்னேன். இன்னொருவாட்டி வையுங்க, கால்ல வேணா வுழறேன்."

"ஐயோ, நானும்தான் தொடாதீங்கன்னு சொல்லல," என்று சுனிதா எழுந்து தட்டுகளை எடுத்தாள்.

அந்த வாரம் பார்வதம்மா பட்ட பாடு சொல்லி மாளாது. தட்டைத் துடைக்கக் கை பரபரவென்றது. வீட்டுக்கு யாராவது வந்தால் அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

வாரம் முடிந்து சுனிதா தட்டை இறக்கியபோது கண்ணாடியே தெரியவில்லை. சாம்பல் பூத்திருந்தது. பார்வதம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது. தினமும் தூசி துடைத்த அதே தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தட்டுல என் பேரு போடுவியாம்மா?"

"இல்லம்மா, நம்பர் மட்டும்தான். யார் வீடுன்னு யாருக்கும் தெரியாது."

"தெரியட்டும், பேரையே போடு," என்றாள் பார்வதம்மா. "கீழ, இது எங்க வூட்டு அழுக்கு இல்லன்னும் எழுது."