புவியியலுக்கு இன்னும் ஒரு ஆள்

றஞ்சிதா சோற்றுப் பார்சலை அவிழ்த்ததும் முதல் வேலையாக மீன் பொரியலின் நடுத்துண்டை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரின் சோற்றில் வைத்துவிடுவாள். வேண்டாம் என்று அவர் வாய் திறப்பதற்குள் பேச்சு தொடங்கியிருக்கும். "இஞ்ச பாரு புள்ள, ஸ்பெஷல் செய்யிறதில எவ்வளவு நன்மை இரிக்கு தெரியுமா?"

பழுகாமத்தில் அம்மா விடியப் பொரித்துக் கட்டிக் கொடுக்கும் மீனில், இந்த மாதம் வாலும் தலையும்தான் மகளுக்குக் கிடைத்தன.

காரணம் இதுதான். புவியியலில் மூன்று வருடப் பொதுப்பட்டத்தோடு வெளியேறாமல், நாலு வருடச் சிறப்புப் பட்டம் செய்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பரீட்சைப் புள்ளி அதற்குப் போதும். ஆனால் இரண்டு பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். தகுதிப் புள்ளி எடுத்திருந்தது அவளையும் சேர்த்து நாலு பேர். மற்ற மூவரும் பொதுப்பட்டமே போதும் என்று இருந்தார்கள். ஒருவராவது மனம் மாறாவிட்டால் றஞ்சிதாவும் அவர்களோடு மூன்றாம் வருடமே வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஆள் பிடிப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஆளைப் பார்த்து நன்மையை எடுப்பாள். கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் தனுஷியாவிடம், "நாலாம் வருஷம் படிக்கிறன் எண்டா மாப்பிள்ளை வீட்டாக்கள் ஒரு வருஷம் பொறுப்பாங்க. நீயும் மூச்சு விடலாம்" என்றாள். தனுஷியா நடுத்துண்டைத் தின்று முடித்துவிட்டு, தனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றாள்.

இஷாமுக்குக் கிரிக்கெட் பைத்தியம். "இன்னும் ஒரு வருஷம் கெம்பஸ் டீமில விளையாடலாம்" என்றாள் அவனிடம்.

"என்னத்தான் போன மாசமே டீமால தூக்கிட்டானுகளே" என்றான் அவன், முள்ளைத் துப்பியபடி.

பொய் சொன்னாள் என்று அவளை யாரும் குறை சொல்ல முடியாது. வகுப்பில் இரண்டே பேர், பாடம் எடுக்கிற சேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பாள். வராவிட்டாலும் அதே பெயரைச் சொல்லித் தேடுவார் என்பதை விட்டுவிடுவாள். முதல் வகுப்பில் தேறினால் உதவி விரிவுரையாளர் ஆகலாம் என்பாள். அந்த ஒரு கதிரைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற பேச்சு வராது. சிறப்புப் பட்டத்தை விற்கிற எந்தக் கையேட்டிலும் இதைவிடக் கூடுதலான நேர்மை இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு விசித்திரம், அவள் பையில் எப்போதும் கிடக்கும் ஜாம் போத்தல். உள்ளே என்ன என்று கேட்டால், "தின்னுற சாமான் இல்ல, விடு" என்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மிஞ்சியிருந்தது ஓட்டமாவடியிலிருந்து வரும் ஹஸீனா ஒருத்திதான். கன்டீனில் நடுத்துண்டு அவள் சோற்றில் வந்து விழுந்ததுமே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மீன வை, கதைய விடு. தனுஷியாக்கு ஒரு நன்மை, இஷாமுக்கு ஒரு நன்மை. எனக்கும் ஒண்டு யோசிச்சிட்டுத்தான் வந்திருப்பாய். உனக்கு என்னகா நன்மை? அதைச் சொல்லு."

இந்தக் கேள்விக்கு றஞ்சிதா ஆயத்தம் செய்திருக்கவில்லை. இடது கையால் பையைத் துழாவிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்கட வயல் வட்டை மண் இது. உப்புத் தண்ணி வாவிக்குக் கிட்ட இருக்கிற வயலெல்லாம் நல்லா விளையிது. அங்கால தள்ளி ஒரு மூலை மட்டும் உவர் ஏறி நெல்லுக் கருகுது. கிட்ட இருக்கிறதுதானே கருக வேணும்? முதல் வருஷம் லெக்சர் ஹோல்ல எழும்பிக் கேட்டன். இருநூறு பேர் இருந்தாங்க. சேர் 'நல்ல கேள்வி, பிறகு பாப்பம்' எண்டார். அந்தப் பிறகு நாலாம் வருஷத்திலதான் இரிக்கு. ஆய்வு எண்டு சொல்லி ஒரு கேள்வியோட ஒரு வருஷம் முழுக்க இருக்க விடுவாங்க புள்ள. வேற எங்க விடுவாங்க?"

ஹஸீனா மூடியைத் திறந்து முகர்ந்தாள். நகத்தால் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போனது.

"உப்புத்தான்" என்றாள். போத்தலை மூடியபடி, "எங்கட வாப்பாட வயலிலயும் வாய்க்கால் ஓரமா ஒரு துண்டு இப்பிடித்தான் கிடக்கு. ஏனெண்டு ஒருத்தரும் கேக்கல்ல. விதைக்காம விட்டாச்சி." சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டரை. "எழும்பு. முதல்ல பேரக் குடுத்திட்டு வந்து தின்பம்."

ஹஸீனா தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். றஞ்சிதா இருவரின் பார்சலையும் மடித்தாள். ஹஸீனாவின் பார்சலை மூடுவதற்கு முன், தொடப்படாமல் இருந்த நடுத்துண்டை எடுத்துத் தன் சோற்றில் வைத்துக்கொண்டாள்.