போனில் வாசித்த பதினேழு வரிகள்

என்னிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி இருந்தது. பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில், உருப்படியாக வேலை செய்த கோட் எதுவானாலும் அதில் எழுதி வைத்துவிடுவேன். மெனுவை நடுவில் நிறுத்த ஆறு வரி, படம் சீக்கிரம் திறக்க ஒரு பக்கம் குறிப்பு, படிவத்தில் நிரப்பியதை ஈமெயிலாக அனுப்பப் பதினேழு வரி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆனாலும் கொப்பியை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன். அந்த விஷயத்தில் நான் சரியான கஞ்சப்பிசினாரி.

கூடப் படித்த தோழி ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்காரி. பதுளையில் வெப்சைட் செய்யும் ஒரு சின்ன இடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு தங்குவிடுதிக்கு அவள் செய்த வெப்சைட்டை ஒரு நாள் மூன்று மணிக்கு அவள் முதலாளி பார்ப்பதாக இருந்தது. அறை கேட்டு அனுப்பும் படிவம் வேலை செய்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அவள் அண்ணன் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அடுத்த வாரமே கிளம்ப வேண்டும்.

அன்று பார்த்து மழையில் மண் சரிந்து, கொப்பியோடு நான் பதுளைக்குப் போகவிருந்த பஸ் வரவில்லை. நானும் கொப்பியும் தோட்டத்தில், அவள் பதுளையில். எங்கள் கடைவீதியில் போன் வைத்திருந்த கடைக்கு இரண்டு மணிக்கு அழைத்தாள். கடைக்காரர் ஆளனுப்ப, நான் கொப்பியோடு ஓடினேன்.

"வாசிடி, நான் அடிக்கிறேன்" என்றாள்.

குறிகளுக்கெல்லாம் வகுப்பிலேயே பெயர் வைத்திருந்தோம். டாலர் குறி 'பாம்பு'. அரைப்புள்ளி 'வால் புள்ளி'. வளைந்த அடைப்புக்குறி வந்தால் 'கதவைத் தொற', அது முடிகிற இடத்தில் 'கதவை மூடு'. லைன் இரைந்ததால் தொண்டை கிழியக் கத்தினேன். "பாம்பு! வால் புள்ளி! கதவைத் தொற!" கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான், கைக்குழந்தையோடு பெஞ்சில் இருந்த ஓர் அக்கா. குவைத்திலிருந்து அவள் புருசன் அந்த போனுக்குத்தான் பேசுவார். நான் வைத்தால்தானே அவருக்கு லைன் கிடைக்கும்! என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்தேன். அவள் திரையில் பக்கம் வரவில்லை. கடைசி வரியில் பிழை என்று கம்ப்யூட்டர் சொன்னதாம். கடைசி வரியை மூன்று தடவை திரும்ப வாசித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கண்ணத் தொறந்து பாத்து அடிடி!"

"நீ ஒழுங்கா வாசிடி!" அவள் குரல் உடைந்தது. "அண்ணன் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிட்டாருடி..."

அப்போது அந்த அக்கா எழுந்து வந்தாள்.

"தங்கச்சி, மூணு தடவ கதவத் தொறக்கச் சொன்னீங்க. ரெண்டு தடவதான் மூடச் சொன்னீங்க. மிச்சத்தையும் மூடிட்டு போன வைங்க."

கொப்பியைப் புரட்டினேன். முதல் பக்கத்தின் அடியில் தன்னந்தனியாக ஒரு மூடுகிற கதவு நின்றது. தாளைத் திருப்பும் அவசரத்தில் அதை வாசிக்காமல் விட்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. கண்ணைத் திற என்று அவளைத் திட்டியதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒம்பதாவது வரிக்குக் கீழ கதவ மூடுடி!"

அவள் அடித்து, அனுப்பி, காத்திருந்த நேரத்தில் கடையில் சிரித்தவர்களெல்லாம் போனைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"வந்திருச்சுடி! ஈமெயில் வந்திருச்சு!" அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மூன்று மணிக்கு முதலாளி பார்த்தார். அவள் கொழும்புக்குப் போகவில்லை. அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்று நான் போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. குழந்தையைப் பற்றியோ மழையைப் பற்றியோ அவள் முதலில் சொல்லவில்லை.

"ஏங்க, பதுளையில ஒரு கம்ப்யூட்டர் நின்னு போச்சுங்க. இங்க இருந்தே நான்தான் சரி பண்ணேன்."